கூட வந்த சம்பளம்: மறைக்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நமது சங்கம் நடத்திய தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அடுத்த நாள் காலையில் பிரட்டுக்களத்திலேயே கேட்டுவிடுவோம். பதில் வராவிட்டால் ஆபீஸ் வாசலில் போய் நிற்போம். பிறகு தலைவரைக் கூட்டிக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வருவோம். ஆனால் சம்பளம் கூட வந்துவிட்டால் என்ன செய்வது? இதைப் பற்றி நாம் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. அதனால் இரண்டு குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், இன்றைய வகுப்பை இதற்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தோம்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டு பெண்களின் பெயரையும் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே பெயர் என்பது மட்டும் கதைக்கு வேண்டும். ஒரே டிவிசன். ஒருவர் மேல் லயம், மற்றவர் கீழ் லயம். அந்த மாதம் இரண்டு பேரும் ஆளுக்கு 18 நாள் மலைக்குப் போயிருக்கிறார்கள். சம்பளச் சீட்டு வந்தபோது மேல் லயத்து அக்காவுக்கு 24 பேர் விழுந்திருந்தது. கீழ் லயத்துத் தங்கச்சிக்கு 12 பேர்தான். ஆறு நாள் செக்ரோலில் இடம் மாறி எழுதப்பட்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

தங்கச்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "நீ வந்ததே 12 நாள்தான்" என்று பதில் வந்தது. கையில் அத்தாட்சி இல்லை. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார். அக்காவோ சீட்டைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார், காசு கூட வந்திருக்கிறது என்று. ஆனால் சொல்லவில்லை. பேராசை என்று நினைக்காதீர்கள். "போய்ச் சொன்னா நான்தான் கள்ளக் கணக்கு போட வச்சேன்னு சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றுதான் பிறகு எங்களிடம் சொன்னார். பயத்தோடு இருந்தபோதே கடைக் கடன் வந்தது, பிள்ளைக்குச் சப்பாத்து வந்தது. காசு செலவாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பரிசோதனையில் இது வெளியே வந்தது. நிர்வாகம் யாரையும் கேட்கவில்லை. அடுத்த சம்பளத்தில் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கழித்துவிட்டது. அதோடு, தெரிந்துகொண்டே மறைத்ததாக விளக்கம் கேட்டுக் கடிதமும் கொடுத்தது. விஷயம் லயத்தில் பரவியதும் அந்த இரண்டு பெண்களும் பீலிக்கரையில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரின் உழைப்பைத் தின்றார் என்று பேச்சு. பிழையாக எழுதியவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இதில் நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஒரு தோட்டத்தில் ஒருவருக்குக் கூட விழுந்தால், பல சமயம் இன்னொருவருக்குக் குறைந்திருக்கும். கூட வந்த காசு கம்பனிக் காசு, அதை வைத்துக்கொண்டால் யாருக்கு நட்டம் என்று நினைக்கிறோம். அது பக்கத்து மலையில் நம்மோடு நிரை பிடித்த ஒருத்தியின் ஆறு நாளாக இருக்கலாம். அந்த ஆறு நாளோடு அவருடைய சேமலாப நிதியும் போகிறது. வேலை செய்த நாட்களைப் பார்த்துக் கணக்கிடும் வருடாந்த விடுமுறைச் சம்பளத்திலும் கை விழும்.

காசு கூட வருவதற்குப் பல வழிகள் உண்டு. செக்ரோல் நம்பர் மாறலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் 18 கிலோவை 48 என்று வாசித்து மேலதிகக் கிலோவுக்குக் காசு போடலாம். தீபாவளி முற்பணத்தின் தவணையை ஒரு மாதம் கழிக்க மறந்துவிடலாம். கையில் கொடுத்த முற்பணத்தைக் கணக்கில் ஏற்றாமல், முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிடலாம். எல்லாம் மனிதர் கையால் நடக்கும் பிழைகள்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு பக்கமும் பார்ப்போம்.

முதலாவது, தவறுதலாக நமக்கு வந்த பணம் நமதாகிவிடாது. கடமையில்லாத பணத்தைப் பிழையாகக் கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்பது நமது நாட்டில் நடைமுறையில் உள்ள ரோமன்-டச்சுச் சட்டத்திலும் இருக்கிறது. "அவங்க பிழைதானே, நாங்க ஏன் குடுக்கணும்" என்ற வாதம் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, தெரிந்துகொண்டே மறைப்பது. பிழையாக வந்த காசு ஒரு கணக்குப் பிரச்சினை. மறைத்த காசை மோசடி என்று நிர்வாகம் சொல்லலாம். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தைப் பாருங்கள். 5 வருடம் வேலை செய்தவரின் பணிக்கொடையை இலேசில் பறிக்க முடியாது. ஆனால் மோசடி, கையாடல் போன்ற காரணத்துக்காக வேலை நீக்கப்பட்டவரின் பணிக்கொடையில், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு நிர்வாகம் கை வைக்கலாம். சில ஆயிரம் ரூபாயை மறைக்கப் போய், வேலைக்கும் பணிக்கொடைக்கும் பிரச்சினையை நாமே தேடிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, காசு திரும்பக் கொடுக்க வேண்டியது என்பதற்காக, நிர்வாகம் நினைத்தபடி நமது சம்பளத்தில் வெட்ட முடியாது. 1941-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நமது கேடயம். சம்பளத்தை நேராகத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட கழிவுகளை மட்டும் தொழிலாளியின் சம்மதத்தோடு கழிக்கலாம் என்பது அதன் அடிப்படை. மொத்தக் கழிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 10-ஆம் திகதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே "நீ தர வேண்டிய காசு இருக்கு, அதனால இந்த மாசம் சம்பளம் இல்ல" என்று யாராவது சொன்னால் அது சட்டம் அல்ல.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நமது சங்கம் ஒரு நிலைப்பாட்டைச் சொல்கிறது. கூட வந்த காசு நமதல்ல. அதை நாமே முன்வந்து சொல்லித் திருப்பிக் கொடுப்போம். நமது சம்பளம் நமது. அதில் நமது கையெழுத்து இல்லாமல் கை வைக்க விடமாட்டோம்.

இனி, வேலையாகச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம். தலைவர்மார் குறித்துக்கொள்ளுங்கள்.

நமது கணக்கை நாம் வைத்திருக்க வேண்டும். லயத்து அறையில் ஒரு நாட்காட்டி தொங்கும். மலைக்குப் போன நாளில் ஒரு கோடு, அரைப் பேர் என்றால் அரைக் கோடு, அன்று நிறுத்த கிலோவைப் பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். கீழ் லயத்துத் தங்கச்சியிடம் அப்படி ஒரு நாட்காட்டி இருந்திருந்தால் அவர் அழுதுகொண்டு திரும்பியிருக்க மாட்டார்.

சம்பளம் வந்ததும் சீட்டையும் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கிக்கு வரும் காசை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள். கூட இருந்தால், அந்தக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். ஏற்கெனவே செலவாகிவிட்டதா? பரவாயில்லை, அதையும் உள்ளபடி சொல்லலாம். செலவானது குற்றமல்ல. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் நம்மை மாட்டிவிடும்.

அடுத்து, எழுத்தில் அறிவியுங்கள். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் வாயால் சொன்னது போதாது. அவர் மறந்துபோகலாம், மாற்றலாகிப் போகலாம். ஒரு சிறிய கடிதம்: "இந்த மாதம் நான் வேலை செய்தது 18 நாள். சீட்டில் 24 என்று இருக்கிறது. பரிசீலித்துச் சரியான கணக்கை எழுத்தில் தரவும்." பெயர், செக்ரோல் நம்பர், திகதி, கையொப்பம். இரண்டு பிரதி. ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் கிடைத்ததாகத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் தலைவர் மூலமாகச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நாங்கள் பதிவுத் தபாலில் அனுப்புவோம். அந்தப் பிரதி உங்கள் கையில் இருக்கும்வரை உங்களை யாரும் கள்ளி என்றோ கள்ளன் என்றோ சொல்ல முடியாது.

கடிதம் எழுதும்போதே, வேறு யாருக்காவது குறைந்திருக்கிறதா என்று லயத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே பெயர் உள்ளவர், பக்கத்து நம்பர் உள்ளவர், ஒரே நிரையில் நின்றவர், இப்படித் தேடினால் ஆள் கிடைக்கும். இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டால் உண்மை ஒரே நாளில் வெளியே வரும்.

இப்போது கணக்கு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் அந்த அக்காவின் விஷயத்தில் பிழை இங்கேதான் இருந்தது. ஒரு பேருக்கு 1,350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 8,100 ரூபாய். அந்தக் காசு முழுவதும் அக்கா கைக்கு வந்ததா? இல்லை. அதில் 8 வீதம், அதாவது 648 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிக்கப்பட்டுவிட்டது. கையில் வந்தது 7,452 ரூபாய்தான். ஆனால் ஆபீஸ் 8,100 ரூபாயைக் கையிலிருந்து கழித்தது. சேமலாப நிதிக் கணக்கையும் தனியாகத் திருத்திக் குறைத்தது. அப்படியானால் அந்த 648 ரூபாய் அவரிடமிருந்து இரண்டு தடவை போகிறது. நாங்கள் பேசப் போகும்வரை ஆபீசில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. ஆகவே "எவ்வளவு கூட வந்தது" என்று மட்டும் கேட்காதீர்கள். "என் கையில் எவ்வளவு வந்தது? சேமலாப நிதிக்கு எவ்வளவு போனது? அதை எப்படித் திருத்தப் போகிறீர்கள்?" என்று மூன்று கேள்வியையும் கேளுங்கள்.

குறைந்தவரின் பக்கத்திலும் இதே கணக்குத்தான். தங்கச்சிக்கு ஆறு நாள் காசைக் கையில் கொடுத்தால் போதாது. அவர் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் கட்டும் 3 வீதம், எல்லாம் அவருடைய பெயருக்குப் போய்ச் சேர வேண்டும். கையில் காசு வந்ததும் சந்தோஷத்தில் இதை விட்டுவிடுகிறோம். ஓய்வு பெறும் நாளில்தான் அது தெரிய வரும்.

அடுத்தது, திருப்பிக் கொடுக்கும் முறை. ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். தவணை கேளுங்கள். 7,452 ரூபாயை ஆறு மாதமாகப் பிரித்தால் மாதம் 1,242 ரூபாய். ஒரு பேருக்கும் குறைவு. அடுப்பு எரியும், கடையும் ஓடும். மொத்தத் தொகை, மாதத் தவணை, தொடங்கும் மாதம், முடியும் மாதம், இது தோட்டத்தின் பதிவில் நேர்ந்த தவறு என்ற ஒரு வரி, இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதம் தமிழில் இருக்க வேண்டும். வாசித்து விளங்காத கடிதத்திலும் வெற்றுத் தாளிலும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். தலைவர் பக்கத்தில் இருக்கும்போது வையுங்கள்.

முடியும் மாதத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? நமது பாட்டன் பூட்டன் காலத்துக் கதை உங்களுக்குத் தெரியும். கங்காணி கொடுத்த முற்பணம் கடனாக ஏறும். எவ்வளவு என்று தொழிலாளிக்குத் தெரியாது. தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றால்தான் ஆள் அசையலாம். அந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொகை எவ்வளவு, எப்போது முடியும் என்று தெரியாத கடன் நம்மை என்ன செய்யும் என்பதை நமது குடும்பங்கள் அனுபவித்தே படித்திருக்கின்றன. இன்று சம்பளச் சீட்டில் "ஏனைய கழிவுகள்" என்று ஒரு வரி மாதா மாதம் வந்துகொண்டிருந்தால், அது எதற்கு, எப்போது முடியும் என்று கேட்காமல் விடக் கூடாது. தவணை முடிந்த மாதத்தில், கடன் முடிந்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிர்வாகம் "கூடக் குடுத்துட்டோம்" என்று சொல்வதெல்லாம் தவறுதலாக வந்த காசு அல்ல. நம்பர் மாறியது, கூட்டல் பிழைத்தது, முற்பணம் கழிக்க மறந்தது, இவை கணக்குப் பிழை. ஆனால் அன்றைக்கு வெளிக்கள உத்தியோகத்தர் பார்த்து முழுப் பேர் போட்டார், மாதம் முடிந்த பிறகு "கிலோ போதாது, அது அரைப் பேராக இருந்திருக்க வேண்டும், கூடக் கொடுத்த காசைத் திருப்பித் தா" என்கிறார்கள். இது கணக்குப் பிழை அல்ல, தொழில் தகராறு. மழையில் கொழுந்து குறைந்ததா, கொடுத்த மலை காடாகக் கிடந்ததா என்று பேச வேண்டிய விஷயம் அது. இதற்குத் தவணைக் கடிதத்தில் கையொப்பம் வைத்துவிட்டால், அரைப் பேரை நாமே ஒத்துக்கொண்டது போலாகிவிடும். கையொப்பம் வைக்காமல் சங்கத்துக்கு வாருங்கள்.

கேட்காமலே சம்பளத்தில் வெட்டிவிட்டால்? அந்த மாதச் சீட்டு, முந்திய மாதச் சீட்டு, நாட்காட்டி, கடிதப் பிரதி, இவற்றோடு தலைவரைப் பாருங்கள். முதலில் தோட்ட நிர்வாகத்தோடு பேசுவோம். சரிவராவிட்டால் உங்கள் பிரதேசத் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்வோம். சம்பளப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் தொழில் அதிகாரிக்கு உண்டு.

தலைவர்மாருக்கு ஒரு வார்த்தை. ஒரு தொழிலாளி வந்து "தலைவரே, எனக்குக் காசு கூட வந்திருக்கு" என்று சொன்னால், "சும்மா வச்சுக்க, யாருக்கும் தெரியாது" என்று சொல்லாதீர்கள். சிரித்துக்கொண்டு சொல்லும் அந்தப் பேச்சு அவருடைய வேலைக்கு வினையாகலாம். "ஐயோ, உடனே போய்க் கட்டிடு" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். உட்கார வைத்துச் சீட்டைப் பாருங்கள், கணக்குப் போடுங்கள், கடிதம் எழுதிக் கொடுங்கள். விஷயத்தைக் கடைவாசலில் பேசாதீர்கள்.

அந்த இரண்டு பெண்களின் கதையை முடிக்கிறோம். பேச்சுவார்த்தையில், பதிவு தவறு தங்களுடையது என்று நிர்வாகம் எழுத்தில் ஒத்துக்கொண்டது. ஒரே தடவையில் கழித்த காசை அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்து, 7,452 ரூபாயை ஆறு தவணையாகக் கழிக்கச் சம்மதித்தது. விளக்கம் கேட்ட கடிதம் வாபஸ். தங்கச்சிக்கு ஆறு நாள் சம்பளமும் சேமலாப நிதியும் கிடைத்தன. ஆனால் அவர்களுக்கு இடையே விழுந்த கசப்பை எந்தக் கடிதமும் தீர்க்கவில்லை. பல வாரம் பேசவில்லை. பிறகு ஒரு சம்பள நாளில் அக்காவே கீழ் லயத்துக்கு இறங்கிப் போய், "வா, ரெண்டு பேர் சீட்டையும் சேர்த்துப் பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறார். இப்போது ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் பார்க்கிறார்களாம்.

உங்கள் தோட்டங்களிலும் இதைத் தொடங்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அடுத்த சம்பள நாளில் ஒவ்வொரு லயத்திலும் நாலு பேராவது ஒன்றாக உட்கார்ந்து சீட்டைப் பாருங்கள். கூட இருந்தாலும் சொல்லுங்கள், குறைந்திருந்தாலும் சொல்லுங்கள். கூட வந்ததை நாமே போய்ச் சொல்லும்போது, குறைந்ததைக் கேட்கும் நமது குரலுக்கும் ஆபீசில் மதிப்பு வரும்.

 கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.